இருபத்தொரு நாள் – 9: ஒரு கிலோ இலை

இந்த வாரம் சாப்பாட்டைப் பற்றி எழுதுகிறேன் என்று போன இதழில் சொல்லியிருந்தேன். கீமோ நாட்களில் எது தொண்டைக்குள் இறங்கும், எது இறங்காது, அம்மா கைப்பக்குவத்தில் வைத்த ரசம்கூட ஏன் துருப்பிடித்த ஆணியைச் சப்பியது போலிருக்கிறது என்றெல்லாம் குறிப்பு எடுத்து வைத்திருந்தேன். ஆனால் செவ்வாய்க்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு என் தலைக்கு மேல் ஒரு சின்னப் பையைத் தொங்கவிட்டார்கள். அதன் பின்னால் போன மனசு இன்னும் திரும்பவில்லை. நாளை மாலைக்குள் அச்சுக்குக் கட்டுரை போக வேண்டும். ஸ்டீராய்டு மாத்திரை தூங்கவும் விடாது. ஆகவே அந்தப் பையைப் பற்றியே எழுதுகிறேன்.

தொடர்ந்து படிப்பவர்களுக்கு நினைவிருக்கும்: எனக்கு வந்திருப்பது லிம்ஃபோமா, நிணநீர்க் கணுக்களில் வரும் புற்றுநோய். இருபத்தொரு நாளைக்கு ஒரு தரம், மொத்தம் ஆறு சைக்கிள். இது நான்காவது. மற்றதைப் பழைய இதழ்களில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கீமோ நாள் ஊசியோடு தொடங்குவதில்லை, ‘கவுன்ட்’டோடு தொடங்குகிறது. ஆறரை மணிக்கு ரத்தம் கொடுத்துவிட்டு டே கேர் வார்டின் வாசலில் உட்கார்ந்திருப்போம். வெள்ளணுக்களும் தட்டணுக்களும் போதிய அளவு ஏறியிருந்தால் உள்ளே கூப்பிடுவார்கள். இல்லையென்றால் “போயிட்டு அடுத்த வாரம் வாங்கம்மா” என்பார்கள். முந்தின இரவு திருநெல்வேலியிலிருந்தோ தருமபுரியிலிருந்தோ புறப்பட்டு, தூங்காமல் வந்து இறங்கியவர்களிடம் அதைச் சொல்லும்போது அந்தச் செவிலியரின் குரலும் இறங்கிவிடும். பத்தாம் வகுப்பு முடிவுக்காகக் காத்து நிற்கும் பிள்ளைகளை இருபத்தெட்டு வருஷம் பார்த்தவள் நான். கட்டைப்பைக்குள் ஃபைலை வைத்து மடியோடு அணைத்திருக்கும் இந்தக் கைகளைப் பார்த்தால் அந்தப் பிள்ளைகள்தான் ஞாபகத்துக்கு வருகிறார்கள்.

அன்றைக்கு என் கவுன்ட் சரியாக இருந்தது. ஒன்பது மணிக்கு நாற்காலி கிடைத்தது. அடுத்தது நரம்பு தேடும் படலம். மூன்று சைக்கிள் முடிந்த கையில் ரத்தக்குழாய்கள் உள்ளே பதுங்கிவிடுகின்றன. வெந்நீர்ப் பை வைத்து, தட்டி, முஷ்டியை மூடித் திறந்து, “நரம்பு கிடைக்கலைம்மா, அந்தக் கையைக் குடுங்க” என்று மூன்றாவது குத்தலில் ஊசி ஏறியது. இந்த ‘நரம்பு’ என்ற சொல்லைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரை முடிவதற்குள் அதைத் திரும்பப் பேச வேண்டியிருக்கிறது.

முதலில் அவில் ஊசி, வாந்திக்கு ஒன்று. கண் செருகும். பிறகு ரிட்டுக்சிமாப் என்ற பெரிய பாட்டில், சொட்டுச் சொட்டாக, மணிக்கணக்கில். அதன் பின்னால் சிவப்பு மருந்து. டாக்ஸோரூபிசின் என்று அதன் பெயரை வார்டில் யாரும் சொல்வதில்லை. “உனக்கும் சிவப்பா?” என்று கேட்டாலே போதும். அது குழாயைத் தாண்டிச் சதைக்குள் கசிந்தால் புண்ணாக்கிவிடும் என்பதால் செவிலியர் பக்கத்திலேயே உட்கார்ந்து, “எரியுதா, எரியுதா” என்று கேட்டுக்கொண்டே மெல்லத் தள்ளுவார். அன்று முழுக்கச் சிறுநீரும் சிவப்பாகப் போகும். முதல் தடவை பார்த்துப் பதறாதவர் கிடையாது.

அதற்குப் பிறகுதான் அந்தச் சின்னப் பை. ஐம்பது மில்லி உப்புநீர். பத்து நிமிஷத்தில் இறங்கிவிடும். நிறமில்லை, எரிச்சலில்லை. மூன்று சைக்கிளாக அதை நான் ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை. செவ்வாய்க்கிழமைதான் லேபிளைப் படித்தேன். வின்கிரிஸ்டின், 2 மில்லிகிராம். அதன் கீழே பெரிய எழுத்தில் ஓர் எச்சரிக்கை: இதை ரத்தக்குழாயில் மட்டுமே செலுத்த வேண்டும், வேறு வழியில் செலுத்தினால் உயிர் போகும்.

“என்ன சிஸ்டர், இப்படி எழுதியிருக்கு?” என்றேன். அந்தப் பெண்ணுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். டியூபைச் சரிசெய்தபடியே விளக்கினாள். சில நோயாளிகளுக்கு முதுகுத்தண்டு நீரிலும் மருந்து போடுவார்கள், அது சிரிஞ்சில் வரும். முன்பெல்லாம் வின்கிரிஸ்டினும் சிரிஞ்சில்தான் வந்தது. இரண்டும் ஒரே தட்டில் இருக்கும்போது கை மாறி, இதை முதுகில் போட்டு உயிர்கள் போயிருக்கின்றன, பல நாடுகளில், பல தடவை. அதனால்தான் 2007-இல் உலக சுகாதார நிறுவனம் சொல்லிவிட்டது: இதைச் சிரிஞ்சில் எடுக்காதீர்கள், சின்னப் பையில் கலந்து தொங்கவிடுங்கள். பையை எடுத்துக்கொண்டு யாரும் முதுகில் குத்தப் போவதில்லை. நூறு சுற்றறிக்கையைவிட ஒரு பை பெரிய காவல். அவ்வளவு எளிய காரணம். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. எங்கேயோ இறந்துபோனவர்களின் பொருட்டு என் தலைக்கு மேல் அந்தப் பை தொங்குகிறது.

போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னாள். “இது நித்தியகல்யாணிப் பூச்செடியிலேர்ந்து வர்ற மருந்தும்மா. காலேஜ்ல படிச்சிருக்கோம்.”

நித்தியகல்யாணி! எங்கள் பள்ளிக்கூடச் சுற்றுச்சுவரை ஒட்டி வெள்ளையும் ஊதாவுமாக, யாரும் தண்ணீர் ஊற்றாமலே வருஷம் முழுக்கப் பூத்துக் கிடந்த செடி. நாள் தவறாமல் பூப்பதால் நித்தியகல்யாணி. கல்லறைகளிலும் சுடுகாட்டு ஓரங்களிலும் தானாக முளைப்பதால் சுடுகாட்டு மல்லி. ஒரே செடிக்கு நம் ஜனங்கள் மங்கலத்தின் பெயரையும் மயானத்தின் பெயரையும் வைத்திருக்கிறார்கள். வைத்தவர்களுக்கு இந்த மருந்தைப் பற்றித் தெரியாது. ஆனாலும் இரண்டு பெயர்களும் பொருந்துகின்றன.

சிஸ்டர் சொன்னதைக் கேட்டு அடுத்த நாற்காலியில் இருந்த பெரியம்மா கண் திறந்தார். சாத்தூர்ப் பக்கம் ஒரு கிராமம். மார்பகத்தில் வந்து, அறுவை சிகிச்சை முடிந்து, சிவப்பு மருந்தின் மூன்றாவது தவணைக்கு வந்திருந்தார்.

“எந்தச் செடி டீச்சரு? பட்டிப்பூவா, அஞ்சு எதழு இருக்குமே, அதா?”

“அதேதான் பெரியம்மா.”

“அட ஆத்தா! அந்த எலையப் பறிச்சுத்தான எம் மகளுக்குக் காது குத்துனேன்.”

அடுத்த முக்கால் மணி நேரம் அவர் சொல்லச் சொல்ல நான் கேட்டுக்கொண்டிருந்தேன். தெற்கத்திச் சீமையின் மானாவாரிப் புஞ்சைகளில் நித்தியகல்யாணியை விதைத்துப் பயிராக்குகிறார்கள். மழை பொய்த்தாலும் நிற்கும். கசப்பு என்பதால் ஆடு மாடு வாய் வைக்காது, வேலி வேண்டாம். ஆறாம் மாதம் ஒரு தடவை இலையை உருவுவார்கள், ஒன்பதாம் மாதம் இன்னொரு தடவை. வருஷம் முடிந்ததும் செடியையே வேரோடு பிடுங்கிவிடுவார்கள். வேருக்குத் தனி விலை. ரத்த அழுத்த மருந்துக்கும் மூலப்பொருள் அந்த வேரில் இருக்கிறது. காய்ந்த இலையும் வேரும் வியாபாரி கைக்குப் போய்க் கப்பல் ஏறும். பெரியம்மா அறுவடைக் காலத்தில் கூலிக்கு இலை உருவப் போனவர். “கையெல்லாம் பச்சையா ஒட்டும். சோறு பெசஞ்சா சோறே கசக்கும். இதெல்லாம் எதுக்கு வாங்குறாகன்னு ஏவாரிகிட்ட கேட்டேன். மருந்துக்குன்னான். என்ன மருந்துன்னு அவனுக்கும் தெரியல.”

அவரிடம் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினேன். ஒரு கிராம் வின்கிரிஸ்டின் கிடைக்க ஐநூறு கிலோவுக்குக் குறையாத காய்ந்த இலை வேண்டும். செடியில் அது அத்தனை அரிது. என் பையில் இருந்ததோ 2 மில்லிகிராம், ஓர் அரிசியின் எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. ஆறு சைக்கிளையும் கூட்டினால்கூட முழு அரிசி ஒன்று தேறாது. அந்தத் துளிக்குக் குறைந்தது ஒரு கிலோ காய்ந்த இலை.

பெரியம்மா விரல் விட்டு எண்ணினார். “ஒரு கிலோ காஞ்ச எலைன்னா பச்சை எலை அஞ்சாறு கிலோ. வெள்ளனப் போனா வெயிலு ஏறுறதுக்குள்ள உருவிருவேன்” என்றார்.

என் பத்து நிமிஷப் பைக்குள் அப்படி ஒரு பெண்ணின் காலை நேரம் இருக்கிறது. இதைக் கேட்ட பிறகு சாப்பாட்டைப் பற்றி எப்படி எழுதுவேன்?

இந்தச் செடி எப்படி மருந்தானது என்று அன்றிரவே தேடிப் படித்தேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

1921 கோடைக்காலம், கனடாவின் டொரன்டோ. நீரிழிவுக்கு மருந்து கண்டுபிடிக்கப் புறப்பட்ட ஃபிரெட்ரிக் பான்டிங்குக்கு உதவியாளர் வேண்டும். சார்லஸ் பெஸ்ட், கிளார்க் நோபிள் என்று இரண்டு மாணவர்கள். யார் முதலில் போவது என்று நாணயத்தைச் சுண்டிப் பார்த்தார்களாம். பெஸ்ட் ஜெயித்தார். இன்சுலின் பிறந்தது. உலகமே பெஸ்டின் பெயரைப் படித்தது. தோற்ற கிளார்க் நோபிள் மருத்துவராகி, தன் வழியில் வேலை பார்த்தார்.

முப்பது வருஷம் கழித்து, 1952-இல், அதே கிளார்க் நோபிளுக்கு ஜமைக்காவிலிருந்து ஓர் உறை வருகிறது. உள்ளே இருபத்தைந்து நித்தியகல்யாணி இலைகள். ‘எங்கள் தீவில் நீரிழிவுக்காரர்கள் இதைக் கஷாயம் வைத்துக் குடிக்கிறார்கள், சோதித்துப் பாருங்கள்’ என்று சேதி. அவர் அதைத் தம்பி ராபர்ட் நோபிளிடம் அனுப்புகிறார். ராபர்ட் அப்போது வெஸ்டர்ன் ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சியாளர். இலைச்சாற்றை எலிகளுக்கு வாய்வழியாகக் கொடுத்தார். சர்க்கரை துளியும் குறையவில்லை. ஊசியாகப் போட்டுப் பார்த்தார். எலிகள் ஒரு வாரத்துக்குள் நோய்த்தொற்றில் செத்துவிழுந்தன.

வேறொருவராக இருந்தால் இலையைக் குப்பையில் போட்டிருப்பார். ராபர்ட், எலிகளுக்கு ஏன் தொற்று வந்தது என்று கேட்டார். ரத்தத்தைப் பார்த்தால் வெள்ளணுக்கள் சரிந்திருந்தன, எலும்பு மஜ்ஜை வற்றியிருந்தது. வெள்ளணுவைக் குறைக்கும் பொருள் என்றால், வெள்ளணு கட்டுக்கடங்காமல் பெருகும் ரத்தப் புற்றுநோய்க்கு அதைத் தந்தால் என்ன? இந்த ஒரு கேள்விதான் எல்லாவற்றுக்கும் தொடக்கம். சார்லஸ் பீர் என்ற வேதியியலாளரோடு சேர்ந்து, 1958-இல் வின்பிளாஸ்டின் என்ற பொருளைப் பிரித்தெடுத்து அறிவித்தார்கள். அமெரிக்காவில் எலை லில்லி நிறுவனத்தாரும் அதே செடியில் தனியாக வேலை செய்துகொண்டிருந்தார்கள். அவர்கள் பிரித்த இன்னொன்றுதான் வின்கிரிஸ்டின். 1963-இல் அங்கே மருந்தாக அனுமதி கிடைத்தது. இன்சுலினை முதன்முதலில் பெருமளவில் தயாரித்த நிறுவனமும் அதுதான். நாணயச் சுண்டலில் இன்சுலினைத் தவறவிட்ட மனிதரின் வீட்டு வாசலுக்கே, நீரிழிவு என்ற பெயரைச் சொல்லிக்கொண்டு, வேறொரு மருந்து வந்து நின்றிருக்கிறது.

வின்பிளாஸ்டினுக்கும் வின்கிரிஸ்டினுக்கும் மூலக்கூறில் ஒரே ஒரு மூலையில்தான் வேறுபாடு. மரம், மறம் என்பது போல ஓர் எழுத்து. ஆனால் ஒன்று ரத்த அணுக்களைத்தான் அதிகம் வாட்டும், மற்றது நரம்பை. இன்று ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளில் பத்தில் ஒன்பது பேரை, வசதியுள்ள நாடுகளில் காப்பாற்ற முடிகிறது. அந்தச் சிகிச்சையின் அடிப்படை மருந்துகளில் வின்கிரிஸ்டினும் ஒன்று. எங்கள் வார்டின் கடைசி அறையில் மொட்டைத்தலையோடு கிரிக்கெட் பார்க்கும் ஆறு வயதுப் பையனுக்கும் இதே பைதான் ஏறுகிறது.

இப்போது நரம்புக்கு வருகிறேன்.

இரண்டாவது சைக்கிள் முடிந்த பத்தாம் நாள், ஜாக்கெட் கொக்கியை மாட்ட முடியவில்லை. விரல் நுனிகளில் மெல்லிய துணியைச் சுற்றிவிட்டது போல ஒரு மதமதப்பு. மூன்றாவது சைக்கிளில் கோலமாவு விரலிடுக்கில் நிற்கவில்லை. புள்ளி வைத்தால் குவியலாக விழுந்தது. இரண்டு தடவையும் மருத்துவரிடம் சொல்லவில்லை. காரணம், வார்டில் ஊசி ஏற்றும்போதெல்லாம் ‘நரம்பு நரம்பு’ என்றுதான் பேசிக்கொள்கிறோம். குத்திக் குத்திக் கையில் நரம்பு மரத்துப்போயிருக்கிறது, ஓய்வு கொடுத்தால் சரியாகும் என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை ரவுண்ட்ஸ் வந்த மருத்துவரிடம், பை பற்றிய பேச்சோடு பேச்சாக இதையும் சொன்னேன். அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி: “காலில் எப்படிம்மா இருக்கு?”

காலிலும் அப்படித்தான் இருந்தது. பெருவிரல்கள் ஒரு மாதமாகவே மரத்திருந்தன. செருப்பு கழன்றுபோவது தெரியாமல் நடந்திருக்கிறேன்.

“காலில் யாரும் ஊசி போடலையே?” என்றார்.

தமிழில் ரத்தக்குழாய்க்கும் நரம்பு என்கிறோம், உணர்ச்சியைக் கடத்தும் இழைக்கும் நரம்பு என்கிறோம். சிரை, நாளம் என்று பாடத்தில் இருந்தாலும் பேச்சில் எல்லாம் ஒன்றுதான். தமிழ் வாத்தியாரான நானே அந்த ஒரு சொல்லில் வழுக்கி ஒரு மாதத்தை விட்டுவிட்டேன். குறைகளைச் சொன்னால் மருந்தைக் குறைத்துவிடுவார்களோ, குறைத்தால் நோய் திரும்புமோ என்ற பயமும் உள்ளுக்குள் இருந்தது. அதையும் மறைக்க வேண்டாம்.

மருத்துவர் ஒரு தாளில் படம் போட்டு விளக்கினார். ஒரு செல் இரண்டாகப் பிரியும்போது, உள்ளே மெல்லிய குழல்கள் கயிறு போல உருவாகி, குரோமோசோம்களை இரண்டு பக்கமும் இழுத்துப் பங்கு வைக்கும். நித்தியகல்யாணி மருந்து அந்தக் கயிறு திரிய விடாமல் தடுத்துவிடும். பங்கு பிரிக்க முடியாத செல் அப்படியே நின்று மடியும். வேகமாகப் பெருகும் புற்றுநோய்ச் செல் அதில் முதலில் மாட்டும். ஆனால் அதே குழல்கள் நரம்பு இழைகளுக்குள்ளும் இருக்கின்றன, சரக்கு போகும் தண்டவாளமாக. அங்கே போக்குவரத்து தடைபட்டால் நீளமான நரம்பின் கடைக்கோடிதான் முதலில் பட்டினி கிடக்கும். அதனால்தான் கால்விரல், பிறகு கைவிரல். குடலை இயக்கும் நரம்புக்கும் இதே கதி என்பதால் மலச்சிக்கல். அதை மூலம் என்று நினைத்து மருந்துக்கடையில் களிம்பு வாங்குபவர்கள் எங்கள் வார்டிலேயே இருக்கிறார்கள்.

நோயைக் கொல்வதும் விரலை மரக்கடிப்பதும் மருந்தின் ஒரே செயல். அதனால் ஒன்றை விட்டு மற்றதை மட்டும் வாங்க முடியாது, அளவைத்தான் சரிசெய்ய முடியும். அடுத்த தவணையில் என் அளவைக் குறைக்கிறார்கள். மற்ற மருந்துகள் அப்படியே தொடரும். உணர்ச்சி திரும்பப் பல மாதங்கள் ஆகலாம், பெரும்பாலும் திரும்பும் என்றார். அதுவரை வெந்நீரைக் கையால் பார்க்காமல் வேறு யாரையாவது பார்க்கச் சொல்வது, வெறுங்காலோடு நடக்காமல் இருப்பது, இரவில் விளக்கில்லாமல் எழுந்திருக்காமல் இருப்பது என்று மூன்று கட்டளைகள்.

இதை எழுதும் வேளையில் ஒரு சொந்தக்காரர் போனில் வந்தார். செடி விஷயத்தை வீட்டில் சொல்லியிருந்தார்கள் போலிருக்கிறது. “அப்போ எதுக்கு ஆஸ்பத்திரி? வாசல்ல கெடக்குற செடிதானே, தினம் நாலு இலையை அரைச்சுக் குடி” என்றார். அன்பினால் சொல்கிறார். ஆனாலும் கட்டாயம் சொல்லியாக வேண்டும்: குடிக்காதீர்கள், யாருக்கும் கொடுக்காதீர்கள். அந்த இலையில் பல வகையான காரப்பொருள்கள் கலந்து கிடக்கின்றன, எது எவ்வளவு என்று கைப்பிடி இலைக்குத் தெரியாது. ஐநூறு கிலோவை வடித்து, தேவையான ஒன்றை மட்டும் பிரித்து, அதையும் 2 மில்லிகிராமுக்கு மேல் போகாமல் கட்டிப்போடுவதுதான் மருத்துவம். வார்டில் இந்தப் பேச்சு வந்தபோதே பெரியம்மா சொன்னார்: “ஆடே திங்காததை மனுசன் திம்பானா?”

செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்குக் கடைசி பாட்டில் முடிந்தது. நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லி, மாத்திரைகளைக் கொடுத்து, ஊசியைப் பிடுங்கிப் பஞ்சு வைத்தார்கள். பெரியம்மாவுக்கு இரவு ரயில். புற்றுநோயாளி சிகிச்சைக்காகப் போனால் ஸ்லீப்பர் வகுப்பில் கட்டணம் கிடையாது, துணைக்கு வருபவருக்கு முக்கால் பங்கு தள்ளுபடி. ஆனாலும் அவர் போன தடவை முழுக் கட்டணம் கொடுத்துத்தான் வந்திருக்கிறார், யாரும் சொல்லவில்லையாம். சலுகைக்கான படிவத்தில் மருத்துவரின் கையெழுத்து வாங்க அவர் மகளை அனுப்பி வைத்தேன். உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது வெளியூரிலிருந்து சிகிச்சைக்கு வருகிறார் என்றால் இதைச் சொல்லிவையுங்கள்.

ரசம் ஏன் இரும்பாகிறது, எந்தக் கஞ்சி இறங்குகிறது என்பதை அடுத்த வாரம் கண்டிப்பாக எழுதுகிறேன். அதற்குள், கீமோ எடுத்துக்கொண்டிருப்பவர் உங்கள் வீட்டில் இருந்தால் இன்றைக்கே மூன்று கேள்வி கேளுங்கள். சட்டைப் பொத்தானைச் சிரமமில்லாமல் போட முடிகிறதா? செருப்பு காலில் இருப்பது தெரிகிறதா? வயிறு சரியாகப் போகிறதா? ஒன்றுக்கு ‘இல்லை’ என்று பதில் வந்தாலும், அடுத்த தவணைக்குக் காத்திருக்காமல் மருத்துவருக்குச் சொல்லுங்கள். சொல்லும்போது ‘நரம்பு’ என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். கைவிரல் மரத்திருக்கிறது, கால்விரல் மரத்திருக்கிறது என்று இடத்தைக் காட்டிச் சொல்லுங்கள்.